மூன்றாம் மெஷினில் இன்னும் உன் நம்பர்

உன் நம்பர் இருக்கும் அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. இன்று லீவு. வேறு எதையோ தேடி கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது அது கண்ணில் பட்டது. மெஷின் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி. அதன் தலைப்பில் நீ மலாயில் எழுதி வைத்த 'சபார் டுலு', கொஞ்சம் பொறு என்று. அதற்குக் கீழே மூன்றாம் மெஷின் நின்றுவிட்டது என்ற செய்தி. அதற்கும் கீழே, உதவிக்கு அழைக்கவும் என்று போட்டு உன் கைப்பேசி எண். திரையெல்லாம் அன்னாசிச் சாறு தெறித்துக் காய்ந்த புள்ளிகள். படம் எடுத்த, மெஷின் லைனில் நிற்கும் கலாவின் கட்டைவிரல் ஓரத்தில் பாதி தெரிகிறது.

இதைப் பார்த்ததும் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு துணியை எடுத்து அந்தத் திரையைத் துடைக்க யாருக்கும் கையில்லையா என்றுதான் தோன்றியது. நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. கன்னம் இருக்கிறது. என்னுடையதுதான். அவ்வளவுதான் தெரிகிறது.

இந்தப் படத்தின் கதை உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாய். உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தீரவும் தீராது. அதனால் எழுதுகிறேன்.

பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் 'கணினிப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்குள் போனால் நாம் இரண்டு பேர்தான். வெளியாட்கள் வந்தால் மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். "பசியாறப் போயிருக்காங்க," என்பாய் நீ, முகத்தில் ஒன்றும் காட்டாமல். டப்பாவை எடை பார்ப்பது, எண்ணுவது, லேபிள் ஒட்டுவது என்று ஒவ்வொரு மெஷினுக்கும் புரோகிராம் எழுதியது நாம். நான் கத்துவேன், நீ எழுதுவாய். பிறகு நீ எழுதியதைப் பார்த்து மறுபடியும் கத்துவேன்.

நான் ஜொகூர் பாருவிலிருந்து காடியை எடுத்துக்கொண்டு வருவேன். தம்போயில் உன் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்காமல் காத்திருப்பேன், உன் மாமியார் இருந்தவரை அவருக்கு ஹாரன் பிடிக்காது என்பதால். அவர் போன பிறகும் நான் ஹாரன் அடித்ததில்லை. நீ தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து ஏறுவாய். சீட்டைப் பின்னால் தள்ளுவாய். "நேத்து வச்ச இடத்துலயே இருக்காதா இந்த சீட்டு?" என்பாய். என் மகன் சாயங்காலம் உட்கார்ந்து மாற்றி வைப்பான் என்று தெரிந்தும் தினமும் அதே கேள்வி.

அன்றும் அப்படித்தான் வந்து நிறுத்தினேன். உன் வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, படி முழுக்க, கேட்டுக்கு வெளியே வரைக்கும். யாருக்கோ கல்யாணப் பேச்சு போல, என்னிடம் சொல்லாமல் வைத்துவிட்டாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் என் கண்ணாடியைத் தட்டினாள். "விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க," என்றாள். எனக்குக் காது கேட்டது. இஞ்சினை அணைக்கத் தோன்றவில்லை. உன் மகன்தான் வந்து சாவியைத் திருப்பினான்.

உங்களில் தாமதிக்க மாட்டார்கள். நண்பகல் தொழுகை முடிந்ததும் ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீடுகளில் என்றால் எட்டு, பதினாறு என்று நாள் கணக்கு இருக்கிறது, படையல் இருக்கிறது, செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கிறது. கூட வேலை செய்தவளுக்கு எந்தப் பக்கத்திலும் ஒரு சடங்கும் இல்லை. யாரோ சூடாகத் தே ஓ, பாலில்லாத தேநீர், கொடுத்தார்கள். குடித்தேன். பிறகு தொழிற்சாலைக்குப் போனேன். நான் வேறு எங்கே போவது?

வழியில் வாங்கி வந்த நாசி லெமாக், மிளகாய்ச் சம்பல் வைத்துக் கட்டிய தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் இரண்டும், காடியில் இருந்தன. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அறைக்குள் உட்கார்ந்து இரண்டையும் நானே தின்றேன். பசித்தது. சொல்லாமல் மறைக்க ஒன்றுமில்லை, உண்மையிலேயே நன்றாகப் பசித்தது.

அந்தப் பொட்டலத்தை வைத்துத்தானே நீ ஒரு முறை எனக்கே பாடம் நடத்தினாய். ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பர்கர் கடை விவகாரம்? முதலில் நாம் உதவி எண்ணை ஒரு தனி ஃபைலில் வைத்திருந்தோம். மெஷின் தொடங்கும்போது புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து, எண்ணைப் படித்து, திரையில் காட்டும். என் யோசனை அது. நல்ல யோசனைதான். ஷிஃப்டில் எவனோ அந்த ஃபைலைத் திறந்து தன் மச்சானுடைய பர்கர் கடை நம்பரைப் போட்டுவிட்டான். மெஷின் நின்றபோதெல்லாம் பர்கர்காரனுக்குப் போன் போயிருக்கிறது. அவன் பொறுமையாக, சீஸ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறான். கலாதான் கடைசியில் ஓடி வந்து, "அக்கா, மெஷின் நின்னா எதுக்கு பர்கர் விக்கிறாங்க?" என்றாள்.

நீ அன்றைக்கே எண்ணைப் புரோகிராமுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாய். மாறிலியாக. அதாவது மாறவே மாறாதது என்று அறிவித்து. நான் குதித்தேன். சாலையோரக் கடையில் உட்கார்ந்து அந்தச் சண்டை போட்டோம். நீ பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, விரலில் சம்பலோடு பேசினாய்.

"இங்க பாருடி. நாம எழுதறதுல எத்தனை பேரு வைக்கிறோம்? எடைன்னு ஒரு பேரு, உதவி நம்பர்னு ஒரு பேரு. அந்தப் பேருக்குப் பின்னால எந்தச் சாமான் இருக்குன்னு யாராவது முடிவு பண்ணணுமா இல்லையா?"

"பண்ணணும். மெஷின் ஓடறப்ப பண்ணட்டும். போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"அது அந்தக் கடை." எதிரே கலப்புச் சோற்றுக் கடையைக் காட்டினாய். "தட்ட நீட்டிகிட்டு நின்னு, அந்த நேரத்துல என்ன இருக்கோ அத விரல நீட்டி வாங்கறது. நல்லாத்தான் இருக்கும். ஆனா போய் நிக்கறப்ப சட்டி காலியா இருந்தா? எவனாவது மீன் சட்டில ரப்பர் செருப்பப் போட்டு வச்சிருந்தா?"

"எவன் லா போடுவான்?"

"பர்கர் நம்பர் போட்டான்ல." பொட்டலத்தைத் தட்டினாய். "இது கம்பைல் பண்றப்பவே முடிச்சுப் போட்டது. விடியக்காலைல கட்டறப்பவே உள்ள என்ன சம்பல்னு முடிவாயிடுச்சு. நடுவுல யாரும் கை வைக்க முடியாது. நீ எங்க வச்சுப் பிரிச்சாலும் இதேதான்."

நாம் எழுதும் எழுத்தைக் கம்பைலர் மொத்தமாகப் படித்து மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அந்த மாற்றும் நேரத்திலேயே பெயருக்கும் பொருளுக்கும் முடிச்சு விழுந்துவிட வேண்டும் என்பது உன் கட்சி. எந்தப் பெயர் எந்த எண், எந்த வேலையைச் சொன்னால் எந்த வேலை நடக்க வேண்டும், எல்லாம். "தப்பு இருந்தா கம்பைலர் வீட்டுக்குள்ள வச்சே திட்டிடும். ஓடறப்ப பாத்துக்கலாம்னு விட்டா நடு ரோட்டுல வச்சுத் திட்டும்," என்பாய். எனக்கு அப்படிக் கட்டிவைத்தால் மூச்சு முட்டும். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும், அப்போது பார்த்துக்கொள்ளலாமே என்பது என் கட்சி. நம் இரண்டு பேர் வீடும் அப்படித்தான் நடந்தது. உன் வீட்டில் பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே துணி தைத்துத் தொங்கும். என் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் தையல்காரனோடு சண்டை.

அன்றைக்கு நான் விடவில்லை. "நம்பர் மாறினா என்ன பண்ணுவ? சட்டில புதுச் சம்பல் வந்தாலும் பொட்டலத்துல பழசுதானே இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஆமா. அப்ப பொட்டலத்தயும் புதுசா கட்டணும். அது தெரிஞ்சதுதானே?" என்றாய். "ஆனா என் நம்பர் ஏன்டி மாறுது? நான் எங்க போகப்போறேன்?"

நாளைக்கு மழை வருமா என்றாலும் இன்ஷா அல்லாஹ் சொல்கிறவள் நீ. அரை மணி நேரத்தில் வேலையை முடிப்பாயா என்றால் இன்ஷா அல்லாஹ். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சொல்லாமல் விட்டாய். நான் அப்போதே கேலி செய்தேன், எல்லாத்துக்கும் சொல்வ, போன் நம்பருக்கு மட்டும் மாறவே மாறாதுன்னு கான்ஸ்ட் போட்டுட்டியே என்று. நீ சிரித்துவிட்டு, "அப்ப உன் நம்பரப் போடட்டுமா?" என்றாய். அலமாக், வேண்டவே வேண்டாம் என்றேன். லீவு நாளில் எவனும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று முதலிலிருந்தே சொல்லி வைத்திருந்தேன். எடுத்த எடுப்பில் கத்திவிடுவேன் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் எப்போதும் உன் நம்பர். நீ போனை எடுத்ததும் ஒரே மாதிரிதான் தொடங்குவாய், யாராக இருந்தாலும். "ஜங்கான் செந்தூ அபா-அபா. பாச்சா டாரி ஆத்தாஸ்." எதையும் தொடாதே, மேலிருந்து வாசி. மெஷினை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தவன்கூட அந்தக் குரலுக்குக் கையைக் கீழே போட்டுவிடுவான்.

நீ போய்ச் சில வாரம் கழித்து ஒரு காலையில், தொழிற்சாலைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே காடியை ஓட்டினேன். நிறுத்திய பிறகுதான் பார்க்கிறேன், உன் வாசல். தம்போய் சந்தில் எப்போது திரும்பினேன் என்றே தெரியாது. அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை அப்படித் திரும்பி, பாதி வழியில் நினைவு வந்து போயிருக்கிறேன். அன்று பாதி வழியில் நினைவு வரவில்லை. உன் வீட்டுக்கார அண்ணன் பஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டவராகத் தெரியவில்லை.

"வாம்மா. பசியாறிட்டியா?"

"ஆச்சுண்ணே. இந்தப் பக்கம் ஒரு வேலை," என்று பொய் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில் தம்போயில் எனக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அவ போனுக்கு ஃபேக்டரிலேர்ந்து கால் வந்துகிட்டே இருக்கும்மா."

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தச் சிவப்புப் பெட்டியைத் தினமும் பார்க்கிறேன். அதில் இருப்பது உன் நம்பர் என்று தெரியும். அதைக் கூப்பிட்டால் உன் வீட்டில் அடிக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

"மொத தடவ, அவங்க மௌத்தாயிட்டாங்கன்னு சொன்னேன்," என்றார். "வங்காளத்துப் பையன் போல. என்ன பேசறதுன்னு தெரியாம அவன் அந்தப் பக்கம் நிக்கிறான், நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அப்புறம் அதெல்லாம் சொல்றதில்ல. 'துத்துப் டுலு, புக்கா பாலிக்'னு சொல்லி வச்சிடறேன். அணைச்சுட்டு மறுபடி போடு, அதானே? அவ நித்தம் சொல்றதக் கேட்டிருக்கேன்ல."

"சரியாயிடுதா?"

"பாதி நேரம் சரியாயிடுது லா."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவரும். பிறகு அவர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"புள்ளங்க நம்பரக் கட் பண்ணிடச் சொல்றாங்க. எனக்கு மனசில்ல. ஊர்லேர்ந்து அவ சொந்தக்காரங்க கூப்பிடற நம்பர் அது. அப்புறம் நானும் சில நேரம் என் போன்லேர்ந்து அடிச்சுப் பாப்பேன். சும்மா. சமையக்கட்டுல அவ வைக்கிற எடத்துலயே வச்சிருக்கேன், அடிக்கும். வெளிய போறப்ப கையோட எடுத்துக்குவேன். ஆனா ஆளுங்கள ஏத்திகிட்டு பஸ் ஓட்டறப்ப இப்படி வந்தா முடியலம்மா. ஃபேக்டரி கால நீ நிறுத்திக் குடுத்தா வச்சுக்குவேன். இல்லன்னா கட் பண்ண வேண்டியதுதான்."

"இன்னிக்கே மாத்திடறேண்ணே," என்றேன்.

அன்றைக்கே மாற்றவும் செய்தேன். எல்லா மெஷினுக்கும் பொதுவானவற்றை நீ ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தாயே, அந்தப் பொது ஃபைல். அதில் ஒரே ஒரு வரி. உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். கம்பைல் செய்தேன். பிழை ஒன்றுமில்லை என்று வந்தது. என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், என் எண் வந்தது. அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எல்லா மெஷினிலும் பழையதன் மேல் போட்டுவிட்டு வந்தேன். மற்றப் புரோகிராம்கள் எதையும் திறக்கவில்லை. திறந்தால் பக்கம் பக்கமாக உன் எழுத்து. அதைப் பார்க்க எனக்குப் பயம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, பயமும் இல்லை. கை போகவில்லை.

மெஷின்கள் நல்லபடியாக ஓடின. ஓடுகிற வரைக்கும் சிவப்புப் பெட்டி வராது. அதனால் எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் இருந்தபோதுதான் கலாவின் படம் வந்தது. கூடவே குரல் செய்தி. "அக்கா, நம்பர் மாத்திட்டேன்னு சொன்னீங்க, இன்னும் அந்த அக்கா நம்பர்தான் வருது. நான் எல்லார்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருக்கேன், ஆனா புது ஆளுங்க ஸ்கிரீன்ல இருக்கறதத்தானே பாப்பாங்க?" அதைக் கேட்டு முடிக்கும் முன்னே அண்ணனிடமிருந்து ஒரு செய்தி. 'இன்னிக்கும் ரெண்டு கால் வந்துச்சும்மா. உன் மேல கோவமில்ல. வெள்ளிக்கிழமை போய்க் கட் பண்ணிடறேன்.'

காடியை எடுத்துக்கொண்டு பெக்கான் நானாஸ் போனேன். மூன்றாம் மெஷின் முன்னால் நின்று அந்தத் திரையைப் பார்த்தேன். பொது ஃபைலைத் திறந்து பார்த்தால் என் எண் இருக்கிறது. திரையில் உன் எண். அணைத்துப் போட்டேன். உன் எண். கோபத்தில் மெஷினின் தகட்டை ஓர் அடி அடித்தேன். கலா என் கையைப் பிடித்தாள். "மெஷின அடிக்கக் கூடாதுன்னு அந்த அக்கா சொல்வாங்க," என்றாள்.

தகட்டில் என் கை வலித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சட்டியில் சம்பலை மாற்றிவிட்டேன். பொட்டலத்தை யார் மாற்றினார்கள்?

நீ மாறிலி என்று போட்டதால், கம்பைலர் அந்த எண்ணை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் அப்படியே எடுத்து வைத்துக் கட்டிவிட்டது. எடை பார்ப்பதற்குள் ஒன்று, லேபிள் ஒட்டுவதற்குள் ஒன்று. அதன் பிறகு அவை பொது ஃபைலைப் போய்ப் பார்ப்பதே இல்லை. அங்கே என்ன மாறினாலும், அந்த வரியையே அழித்தாலும், அவற்றுக்குத் தெரியாது. திரும்பக் கம்பைல் செய்கிறவரை கட்டியபோது எந்த எண்ணோ அதேதான். என் கணினியில் எல்லாம் சேர்ந்து ஒன்றாகக் கட்டப்பட்டதால் சரியாக வந்தது. இது முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்கிற தப்பு. நான் உன்னிடமே கேட்ட கேள்வி, நீ சம்பல் விரலோடு பதில் சொன்ன கேள்வி.

அன்று முழுக்க நம் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்தேன். எல்லாம் நீ வைத்தபடியே இருந்தது. நான் எழுதிய அவசரக் கோலங்களை நீ பின்னால் வந்து நேராக்கி வைத்திருந்த இடங்கள்கூடத் தெரிந்தன. இத்தனை இடங்களில் நேராக்கியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லையே, பாவி. ஒவ்வொன்றிலும் உன் மாறிலியை எடுத்தேன். தொடங்கும்போது ஃபைலைத் திறந்து எண்ணைப் படிக்கும்படி, என் பழைய யோசனைப்படியே மாற்றினேன். பர்கர்காரர்கள் கை வைக்க முடியாதபடி அந்த ஃபைலுக்குப் பூட்டும் போட்டேன், அது உனக்காக. இனிமேல் இந்த நாற்காலிக்கு யார் வந்தாலும், யார் போனாலும், ஃபைலில் எண்ணை மாற்றினால் போதும்.

ஆக, அந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். உன்னோடு போட்ட சண்டைகளில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான். அதற்கு நீ சாக வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஜெயம் வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கம்பைல் செய்தேன். ஒவ்வொன்றாக, பிழை இல்லை, பிழை இல்லை என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு திட்டாவது கிடைக்கும் என்று பார்த்தேன்.

சாயங்காலம் கலா மூன்றாம் மெஷினில் வேண்டுமென்றே ஒரு காலி டப்பாவைக் குறுக்கே வைத்தாள். மெஷின் நின்றது. சிவப்புப் பெட்டி வந்தது. 'சபார் டுலு' அப்படியேதான் இருந்தது, அதை எடுக்க யாரும் சொல்லவில்லை. கீழே என் நம்பர். கலா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் மேலங்கியின் ஓரத்தால் அந்தத் திரையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். உன் போனிலிருந்து. திரையில் உன் பெயர் வந்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, காலையில் கேட்பது போல எங்க இருக்க, கிளம்பிட்டியா என்று நீ கேட்கப் போகிறாய் என்றே எடுத்தேன்.

"நேத்தும் வரல, இன்னிக்கும் வரலம்மா," என்றார்.

"சரிண்ணே."

"நம்பர் இருக்கட்டும்."

"இருக்கட்டும்ணே."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் பின்னால் பஸ் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. "வீடே சத்தமில்லாம இருக்கு," என்றார். எனக்கு நன்றி சொல்கிறாரா, குறை சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

தம்போய் சந்தில் நான் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டாம் என்று முடிவெல்லாம் செய்துவிட்டேன். முடிவு செய்ததை என் கைக்கு யாரும் சொல்லவில்லை போல. அண்ணன் வாசலில் இருந்தால் கையை ஆட்டுவார், நானும் ஆட்டிவிட்டுப் போவேன். பக்கத்து சீட்டு நீ தள்ளி வைக்காததால் முன்னாலேயே இருக்கிறது. பொட்டலம் மட்டும் ஒன்றுதான் வாங்குகிறேன்.

இதுவரை எழுதிவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது போன் அடித்தது. லீவு நாள். தெரியாத நம்பர். எடுத்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், உனக்குத்தான் தெரியுமே.

"கக், மெசின் தீகா," என்றான் ஒருவன். அக்கா, மூன்றாம் மெஷின் என்கிறான். சின்னக் குரல், புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும், மலாய் அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. பின்னால் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், யாரோ தகட்டை அடிக்கும் சத்தம்.

"ஜங்கான் செந்தூ அபா-அபா," என்றேன். "பாச்சா டாரி ஆத்தாஸ்."

அது என் குரல்தான். ஆனால் நான் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை, வாழ்க்கையில் ஒரு நாளும். அந்த வாக்கியத்தை நான் எங்கும் போய்த் தேடி எடுக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. அது ஏற்கனவே உள்ளே இருந்தது. தகட்டை அடிக்கும் சத்தம் நின்றது. அவன் உன்னைப் பார்த்தே இருக்க மாட்டான். சொன்னபடி மேலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்க ஆரம்பித்தான். "சபார்... டுலு..."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக. அவன் எண்ணையும் விடாமல் கடைசி வரை வாசித்து முடித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்டான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் காத்திருந்தான். பிறகு, லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தவன் போல, கக், இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்டான்.

இருக்கிறேன் என்றேன்.